ஒரு குடும்பத்து உண்ணிகள்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிற கௌரி நாகேந்திரத்தை அங்கே யாரும் டொக்டர் கௌரி என்று சொல்வதில்லை. உண்ணி டொக்டர் என்றுதான் சொல்வார்கள். தான் மருந்து எழுதுகிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டொக்டர் என்று அவள் எத்தனை தரம் விளக்கினாலும் பயனில்லை. வீட்டில் ஆருக்காவது காய்ச்சல் என்றால் வந்து கதவைத் தட்டுவார்கள். "எனக்குப் பனடோல்கூட எழுதேலாது, போய் ரத்தம் சோதியுங்கோ" என்று ஏசி அனுப்பிவிட்டு, பின்னேரம் தானே அந்த வீட்டுக்குப் போய் அங்குள்ள நாயின் காதை விரித்துப் பார்ப்பாள். வயது ஐம்பத்திரண்டு. கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிக் கலைத்துவிடுகிற வாய் அவளுக்கு.

அந்த வாய்க்காரியை ஒரு மனிதர் கிட்டத்தட்ட நாலு வருடம் ஏமாற்றி வைத்திருந்தார். அவள் சொந்தத் தமையன்போல வைத்திருந்த மனிதர். அதைத்தான் சொல்ல வேண்டும்.

நாயில் ஒட்டுகிற உண்ணி சிலவேளை ஒரு கிருமியைச் சுமந்து திரியும். அந்த உண்ணி மனிதரைக் கடித்தால் காய்ச்சல் வரும். தொடக்கம் அச்சொட்டாக டெங்கு மாதிரியே இருக்கும், தலையிடி, மூட்டுநோ, எல்லாம். கொழும்பில் காய்ச்சல் என்றாலே எல்லாருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். டெங்கு இல்லை என்று சோதனை சொன்னதும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அப்படிப் போனவர்களில் சிலர் நாலாம் நாள் உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளியோடு, நினைவு தப்பின நிலையில் திரும்பி வருவார்கள். நேரத்துக்குக் கொடுத்தால் மலிவான ஒரு குளிசை போதும், ஆள் எழும்பிவிடும். ஆனால் எந்தப் பகுதி உண்ணியில் அந்தக் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால்தானே வைத்தியர்கள் நேரத்துக்கு அதை நினைப்பார்கள்? அதைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்துக் கொடுப்பதுதான் கௌரியின் பன்னிரண்டு வருட வேலை. அந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தமக்கை ஹெவ்லொக் டவுனில் இருக்கிறா, நல்லநாள் பெருநாளுக்குப் போய்ச் சாப்பிடுவாள், அவ்வளவுதான்.

பெரியதம்பி அவள் வேலை செய்த நிறுவனத்தின் வாசலில் காவல்காரராக இருந்தவர். கொட்டாஞ்சேனையில் வீடு. அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் வாசலில் படுத்திருந்த ஒரு கடிநாயை அவர் தலையைத் தடவி, சிங்களத்தில் கொஞ்சிக் கொஞ்சி, காலில் ஏறியிருந்த கண்ணாடித் துண்டை எடுத்ததைக் கௌரி கண்டாள். "கொழும்பு நாயளுக்குத் தமிழ் விளங்காது டொக்டர், சிங்களத்தில சொன்னாத்தான் கேக்கும்" என்று சிரித்தார். அடுத்த மாதமே மேலதிகாரியோடு சண்டை பிடித்து அவரைத் தன் களப்பணிக்கு எடுத்துவிட்டாள். சாமணத்தால் உண்ணியைத் தோலோடு ஒட்டப் பிடிப்பது, திருகாமல் நேரே இழுப்பது, குப்பியில் ஈரத்தாள் போட்டு உயிரோடு கொண்டுவருவது, ஊர், வீடு, திகதி எழுதி ஒட்டுவது, நாய்க்காரரிடம் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, எல்லாம் அவளே பக்கத்தில் இருந்து பழக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் கெட்டிக்காரர். நாயின் விரலிடுக்கில் கடுகளவில் இருக்கிற குஞ்சு உண்ணிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது.

2014இல் அவளுக்கே அந்தக் காய்ச்சல் வந்தது. ஓட்டோ பிடித்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர் பெரியதம்பி. டெங்கு என்று சொன்ன சின்ன டொக்டரிடம், "இல்லை மாத்தையா, இவ உண்ணி பிடிக்கிறவ, உண்ணிக் காய்ச்சலுக்குப் பாருங்கோ" என்று ஒற்றைக் காலில் நின்று வாதாடிக் குளிசை எழுதுவித்தவரும் அவர்தான். நாலு நாள் வாட்டு வாசலில் காவல் இருந்தார். ஆட்களுக்கு முன்னால் டொக்டர் என்று கூப்பிடுகிறவர் அதற்குப் பிறகு தனியாக இருக்கும்போது பிள்ளை என்பார். அவள் அண்ணை என்பாள். அப்படிப்பட்ட மனிதரில் சந்தேகம் வருமா? உங்களுக்கு வந்திருக்குமா?

2021இல் பெரிய வேலை ஒன்று தொடங்கியது. ஐந்து இடங்களில் மாதாமாதம் உண்ணி எடுத்து மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பது. வெள்ளவத்தையும் ஹெவ்லொக் டவுனும் கௌரிக்கு. வடக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனை, ஒருகொடவத்தை, வத்தளை மூன்றும் பெரியதம்பிக்கு. அவருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. முதல் வருடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, நூறு உண்ணியில் ஒன்றோ இரண்டோதான் கிருமியோடு வந்தது.

பிறகு நாடே கையில் காசில்லாமல் நின்ற 2022 வந்தது. அந்த வருடத்தைக் கொழும்பு ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெற்றோல் செட்டில் இரண்டு நாள், மூன்று நாள் வரிசை. வாகனத்துக்குள்ளேயே படுத்து, வாகனத்துக்குள்ளேயே சாப்பிட்டு, கடைசியில் முடிந்துவிட்டது என்று பலகையைத் தூக்கி வைப்பான். கௌரி காலி வீதியில் ஒன்றரை நாள் வரிசையில் இருந்து தன் காருக்கு அடித்த பெற்றோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சிக் கானில் இறக்கிப் பெரியதம்பிக்குக் கொடுத்தாள். வாயில் பட்ட பெற்றோல் மணம் இரண்டு நாளுக்குப் போகவில்லை. முழங்கால் நோவோடு தான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். "என்ர உண்ணியைப் பாக்கிறதோ, என்ர காரைப் பாக்கிறதோ எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது அண்ணை, கொண்டு போங்கோ" என்றாள். அவர் கானைக் கையில் வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் அதன் மூடியைத் திரும்பத் திரும்ப இறுக்கினார். நன்றியில் கூச்சப்படுகிறார் என்று அவள் நினைத்தாள்.

அந்த யூலையிலிருந்து பெரியதம்பி கொண்டுவந்த குப்பிகளில் கிருமி ஏறத் தொடங்கியது. நூற்றுக்குப் பத்து, இருபது, முப்பத்தைந்து. மூன்று ஊரிலும் ஒரே மாதிரி ஏறியது. வெள்ளவத்தையிலும் ஹெவ்லொக் டவுனிலும் ஒன்றும் மாறவில்லை. கௌரிக்கு நித்திரை போய்விட்டது. யோசித்து யோசித்து ஒரு விளக்கம் கண்டாள். சனத்துக்கே சாப்பாடில்லாத காலத்தில் நாய்க்கு ஆர் போடுவான்? வளர்த்த நாய்களைத் தெருவில் விட்டுவிட்டார்கள். பசியில் அவை ஊர்விட்டு ஊர் அலைந்தன. அவற்றோடு உண்ணியும் அலைந்தது. வசதி குறைந்த வடக்குப் பக்கத்தில் இது கூட, தெற்கில் குறைவு. எவ்வளவு அழகான விளக்கம்! கேட்ட எல்லாரும் தலையாட்டினார்கள், அந்த வருடத்தை அனுபவித்தவர்கள்தானே.

2024இல் வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் எழுதின. வடக்குக் கொழும்பு வைத்தியர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள், காய்ச்சல் என்றால் இதையும் நினையுங்கள் என்று. அடுத்த ஐந்து வருட வேலைக்கு வெளியிலிருந்து பண ஆதரவும் கிடைத்தது. கட்டுரையில் மூன்றாவது பெயர் பெரியதம்பியுடையது. ஓஎல் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதருக்குக் கட்டுரை ஆசிரியர் என்ற பேரா என்று நிறுவனப் பணிப்பாளர் முகத்தைச் சுளித்தார். "உண்ணியைப் பிடிச்சது அவர், பிறகு ஆர் ஆசிரியர்?" என்று கௌரி கேட்டாள். முதற் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மனைவி அழுதுவிட்டா.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஹம்சிகா வந்திராவிட்டால்.

ஹம்சிகா கௌரியிடம் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்த பிள்ளை. அமைதியான ஆள், கேட்டதற்கு மட்டும் வாய் திறப்பாள். நாய்கள் அலைந்து உண்ணியைப் பரப்பின என்றால் எங்கிருந்து எங்கே பரப்பின என்று அறிய வேண்டுமல்லவா? அதற்கு உண்ணிகளின் மரபணுவைப் பார்த்து, எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கிற வேலையைக் கௌரி அவளிடம் கொடுத்தாள். கடந்த தை மாதம் ஒரு நாள் ஹம்சிகா கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"மிஸ், வத்தளை உண்ணியும் ஒருகொடவத்தை உண்ணியும் கொட்டாஞ்சேனை உண்ணியும் ஒண்டுக்கொண்டு சகோதரம் மாதிரி வருது."

"அதைத்தானே சொன்னனான், பரவியிருக்கு."

"இல்லை மிஸ். பரவினா சொந்தக்காரர் மாதிரி வரும். இது ஒரே வீட்டுப் பிள்ளையள் மாதிரி. மூண்டு ஊர், ஒண்டரை வருசம், எல்லாம் ஒரே குடும்பம். 2021 உண்ணி அப்பிடியில்லை, எல்லாம் வேற வேற. 2022 யூலைக்குப் பிறகுதான்."

கௌரி அவளைப் பிடித்து ஏசினாள். குப்பி கலந்திருக்கும், கை கழுவாமல் வேலை செய்திருப்பாய், என்ர லாப்பில் இந்தக் கவலையீனம் வேண்டாம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். ஹம்சிகா முகம் சிவக்கத் திரும்பிப் போய் இன்னொரு தரம் செய்தாள். அதே விடை. மூன்றாம் தரம் கௌரி தானே கையுறை போட்டுச் செய்தாள், வெள்ளவத்தை உண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்து. வெள்ளவத்தை உண்ணிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், ஒழுங்காக, வேறு வேறாக வந்தன. அப்படியென்றால் லாப்பில் பிழையில்லை. வடக்கு மூன்று ஊரும் மாத்திரம் ஒரே குடும்பம்.

அப்போதுகூட அவள் பெரியதம்பியை நினைக்கவில்லை. மனம் விடவில்லை. ஒருவேளை நாய் விற்கிற ஆள் ஆராவது ஒரே நாயின் குட்டிகளை மூன்று ஊருக்கும் விற்றிருக்கலாம் என்று நினைத்தாள். படிவங்களை எடுத்து, அதிகமாக உண்ணி வந்த வத்தளை வீட்டின் விலாசத்தைக் குறித்துக்கொண்டு, சனிக்கிழமை காலை நீர்கொழும்பு வீதி பஸ் ஏறினாள்.

அந்த வீட்டுக்காரி டோரின், ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கேற்றைத் திறந்து, நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்.

"நாயா? எங்க நாய் செத்து நாலு வருஷம் ஆகுது மிஸ். அதுக்கப்புறம் நாங்க வளக்கல்ல."

"மாதா மாதம் ஒராள் உண்ணி எடுக்க வந்தவரெல்லோ?"

"வந்தாரே. நல்ல மனுஷன். நாய் இருந்தப்ப ஏழெட்டுத் தடவ வந்தார். நாய் செத்ததும் ஒரு தடவ வந்து, அச்சச்சோன்னு கவலப்பட்டுட்டுப் போனார். அதோட சரி."

கௌரி பையிலிருந்து படிவங்களை எடுத்தாள். 2022 ஓகஸ்ட், செப்டம்பர், ஒக்டோபர், அப்படியே 2023 முடியும் வரை, ஒவ்வொன்றிலும் டோரினின் கையெழுத்து. டோரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மாதாவே! இது என் கையெழுத்து இல்ல மிஸ். எவனோ நல்லாப் பழகி எழுதியிருக்கான். இந்த வளைவு மட்டும் நான் இப்படிப் போடமாட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதனால எனக்கு ஏதும் பிரச்சினை வருமா?"

"உங்களுக்கு ஒண்டும் வராது" என்றாள் கௌரி. ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கினாள். அடுத்த பஸ்ஸில் நேரே கொட்டாஞ்சேனை.

கதவைத் திறந்தவர் பெரியதம்பியேதான், சறமும் பெனியனுமாக. "அட, பிள்ளையே! வாங்கோ, வாங்கோ. ஒரு கோல் எடுத்திருந்தா மீன் வாங்கியிருப்பனே." முன்னறைச் சுவரில் அவள் சட்டம் போட்டுக் கொடுத்த பக்கம் தொங்கியது. கௌரி செருப்பைக் கழற்றவில்லை. படிவங்களை மேசையில் போட்டாள்.

"டோரின் வீட்டு நாய் செத்து நாலு வருசமாம், அண்ணை."

அவர் படிவங்களைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. தேத்தண்ணியோடு வந்த மனைவி இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கோப்பையை ஓசைப்படாமல் வைத்து உள்ளே போய்விட்டா.

"அப்ப உண்ணியை எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"பின்னுக்கு. கராஜுக்கை ஒரு பெட்டை நாய் படுக்கும். அதிலயும் அதின்ர குட்டியளிலயும்."

"மூண்டு ஊரும் அந்த ஒரு நாயோ?"

"ஓம்."

பச்சைப் பொய்களை ஒன்றரை வருடம் திகதி போட்டு எழுதிய மனிதர் அந்த 'ஓம்' என்ற சொல்லை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். கௌரி கதிரையில் இருந்தாள்.

"யூன் மாதம் பெற்றோல் இல்லை பிள்ளை. உங்களுக்குத் தெரியும்தானே. மகளை வேலைக்கு ஏத்திப் போகாட்டி அவளின்ர வேலை போயிடும் எண்டாங்கள். நீங்கள் தந்த பெற்றோல் அதுக்குத்தான் போச்சு."

"அதைச் சொல்லியிருக்கலாமே! 'இந்த மாதம் போகேலாது பிள்ளை' எண்டு ஒரு வசனம். நான் அந்த மாதத்துக்கு நேரா வெறுமையா விட்டிருப்பன். ஊருக்கே பெற்றோல் இல்லை, எனக்கு மட்டும் விளங்காதோ?"

"காரிலயிருந்து வாயால உறிஞ்சித் தந்தனீங்கள். அதுக்குப் பிறகு போகேல்லை எண்டு எந்த முகத்தோட சொல்லுறது?"

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. தான் கொடுத்ததே அவர் வாயை அடைத்ததாம். கேளுங்கள் கதையை!

"சரி. அந்த மாதத்தை விடுங்கோ. அடுத்த வருசம்?"

பெரியதம்பி நிலத்தைப் பார்த்தார். "அடுத்த வருசம் பெற்றோல் இருந்தது" என்று தானே சொன்னார். "பழகிப் போச்சு. ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் வேற, நல்லா வருது அண்ணை, நல்லா வருது எண்டு சந்தோசப்பட்டனீங்கள். அந்த நாய்க்கு நோய் எண்டு எனக்கென்னண்டு தெரியும்? நீங்களும் முந்தி மாதிரி ஒருக்காலும் என்னோட வந்து பாக்கேல்லைத்தானே."

"வந்து பாக்கேல்லை. ஓம், வந்து பாக்கேல்லை! உங்களைப் பாக்க வேணுமெண்டு நான் நினைக்கேல்லை!" சத்தம் ஒழுங்கை வரை கேட்டிருக்கும். "ஆரை நம்பி நான் பாரம் விட்டனான் அண்ணை? அந்தக் கூட்டத்தில எழும்பி நிண்டு, பசிச்ச நாய் ஊர் ஊரா அலைஞ்சு நோயைப் பரப்பிச்சுது எண்டு விளக்கம் குடுத்தனான். எந்த நாய் அலைஞ்சது? உங்கட நாய் கராஜுக்கை படுத்திருந்தது! நீங்களும் முன்வரிசையில இருந்து கை தட்டினீங்கள்!"

கௌரி படிவங்களைச் சேர்த்துக்கொண்டு எழும்பினாள். வெள்ளவத்தைக்குப் போகிற பஸ்ஸில், யன்னலோரத்தில் இருந்து, பட்டப்பகலில், சனம் பார்க்கப் பார்க்க அழுதாள். ஆரையாவது சாகக் கொடுத்தவள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த சிங்கள மனிசி அவள் கையைப் பிடித்துக்கொண்டா. கௌரி கையை இழுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக ஹம்சிகாவிடம் போனாள். "நான் உன்னைப் பேசினது பிழை. உன்ர கை சுத்தம். என்ர கைதான் ஊத்தை" என்றாள். "அப்ப என்ர வேலை, மிஸ்?" என்று ஹம்சிகா கேட்டாள். அந்தப் பிள்ளையின் இரண்டு வருடமும் அதே குப்பிகளோடு போய்விட்டது.

பணிப்பாளரிடம் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, பதறவேண்டாம் என்றார். மூன்று ஊரை ஓர் ஊர் என்று மாற்றி, மாதிரி எடுத்ததில் சில குறைபாடுகள் என்று நாலு வரி திருத்தம் போட்டுப் பூசி மெழுகிவிடலாம், அடுத்த ஐந்து வருடமும் தப்பும், நிறுவனத்தின் பேரும் தப்பும் என்றார். யார் போய்ப் படிவத்தைப் பார்க்கப் போகிறார்கள்? கௌரி ஒரு நிமிடம் யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முழுதாக ஒரு நிமிடம். பிறகு, வத்தளையில் காய்ச்சலோடு வருகிற ஒரு பிள்ளைக்கு, வேறென்னவோ நோய் இருக்க, இந்தக் கட்டுரையை நம்பி ஒரு டொக்டர் உண்ணிக் காய்ச்சலென்று இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்தது. "ஏலாது சேர்" என்று எழும்பிவிட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவளே எழுதினாள். மாதிரிகள் சொல்லப்பட்ட இடங்களிலிருந்து எடுக்கப்படவில்லை, முடிவுகளை நம்பவேண்டாம், முழுப் பொறுப்பும் தன்னுடையது. பெரியதம்பியின் பெயரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டென்ன, விட்டென்ன, உண்ணி எடுத்தவர் ஆரென்று கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயே இருக்கிறது. வடக்குக் கொழும்பு வைத்தியர்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொன்னாள். சிலர் அனுதாபப்பட்டார்கள். ஒருவர், "அப்ப முந்திச் சொன்னதும் பொய்தானோ டொக்டர், உங்கட பழைய கட்டுரையளும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இனி எப்போதும் வரும் என்று அவளுக்கு விளங்கியது. பன்னிரண்டு வருடத்தில் எட்டு வருடம் சுத்தமான வேலை. அதை இனி ஆருக்கு எப்படி நிரூபிப்பது? அடுத்த ஐந்து வருட ஆதரவு இரண்டு வாரத்தில் கை நழுவிப் போயிற்று. பெரியதம்பியின் ஒப்பந்தத்தை நிறுவனம் முடித்துவிட்டது.

ஒரு மாதம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கௌரி மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. கதவுக்கு வெளியே பெரியதம்பி. ஆள் நல்லாய் மெலிந்துவிட்டார். கையில், மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கிற மாதிரியான வெள்ளை றெஜிபோம் பெட்டி.

"உள்ளுக்கு வரமாட்டன் பிள்ளை. இதை மட்டும் வாங்குங்கோ."

பெட்டிக்குள் நாற்பது குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஊர், வீட்டு இலக்கம், திகதி, வீட்டுக்காரரின் போன் நம்பர்கூட எழுதி ஒட்டியிருந்தார். ஈரத்தாள் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அவள் பழக்கினது போலவே. அவர் கைகளில் புதுக் கடிகாயங்கள். வத்தளையில் பதினாறு வீடு, ஒருகொடவத்தையில் கொள்கலன் அடுக்குகிற வளவுகளில் பதினொன்று, மிச்சம் கொட்டாஞ்சேனை. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம், பஸ்ஸிலும் நடந்தும் போயிருக்கிறார்.

"சம்பளத்துக்கு இல்லை. ஒருத்தரும் கேட்டும் இல்லை. திரும்ப முதல்லயிருந்து தொடங்கலாமெல்லோ. வேணுமெண்டா அந்த நம்பருகளுக்கு அடிச்சுக் கேளுங்கோ."

கௌரி மீன்கையைத் துடைத்துவிட்டு, ஒரு குப்பியை எடுத்து நம்பரை அடித்தாள். அவளுக்கு நம்ப ஆசையாய் இருந்தது, அதுதான் பெரிய கொடுமை. எடுத்தது ஒரு பெண், வத்தளை. ஓம், செவ்வாய்க்கிழமை ஒரு வயது போனவர் வந்தார், எங்கள் நாயில் உண்ணி எடுத்தார், நாய் கடித்தும்விட்டது, பாவம் என்றாள். கௌரி நன்றி சொல்லி வைத்தாள்.

பெரியதம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களே?"

"போனது உண்மை" என்றாள் கௌரி. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு உண்ணிகள் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. "இதுக்குள்ள இருக்கிறது அந்த வீட்டு நாயின்ர உண்ணிதான் எண்டு அவவுக்குத் தெரியாது அண்ணை. அதைச் சொல்ல உங்களைத் தவிர வேற ஆளில்லை."

"நான் பிள்ளைக்குப் பொய் சொல்லுவனோ!"

வாய் தவறி, பழைய பழக்கத்தில், உரிமையோடு வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் காதிலும் அது விழுந்தது. கைவிரல்களை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இருவருக்கும் மற்றவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழே ஒழுங்கையில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"போயிட்டு வாறன், பிள்ளை" என்றார் கடைசியில்.

"வராதேங்கோ அண்ணை" என்றாள் கௌரி. கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அவரை அதிகம் அடித்திருக்க வேண்டும். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் போனார்.

உண்ணியை உயிரோடு எறிய முடியாது, அது மற்ற எல்லாரையும்விட அவளுக்குத் தெரியும். குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஐஸ் தட்டிலிருந்த மீன் பொதிகளை ஒதுக்கி, நாற்பது குப்பிகளையும் ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். வத்தளை, ஒருகொடவத்தை, கொட்டாஞ்சேனை என்று அழகான கையெழுத்து. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். கதவைச் சாத்தி, அவை விறைத்துச் சாகட்டும் என்று அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.